கையை ஊன்றாமல் எழுந்திருங்கள்

(கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியது.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. 31 வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவன் நான். ஓய்வு பெற்றபின் ரேஸ்கோர்ஸில் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். மழை பெய்தாலும் குடையோடு போய்விடுவேன். அந்தத் தெம்பில், போன தை மாதம் ஒரு விசேஷ வீட்டில் பந்திப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சாப்பிட்டு இலையை மடக்கினேன். எழ முடியவில்லை! அக்கா பேரன், பத்து வயசுப் பொடியன், கை கொடுத்துத் தூக்கிவிட்டான். ஒரு பி.டி. வாத்தியாருக்கு இதைவிட என்னங்க அவமானம் வேண்டும்?

நடையைக் குறை சொல்ல மாட்டேன். உடம்பு கறாரான ஆள். எந்த வேலையை வாங்குகிறோமோ அதற்கு மட்டும்தான் தயாராகும். நடந்தால் இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது. ஆனால் தோளுக்கும் பிடிக்கிற கைக்கும் அதில் வேலையே இல்லை. தொடைக்கும் அரைகுறை வேலைதான். நீச்சல் மூட்டுக்கு இதம், ஆனால் நம் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. எலும்பு உறுதிப்பட அதன்மேல் சுமை ஏற வேண்டும். ஒன்று விட்டதை இன்னொன்றுதான் பிடிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே 2 நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வாரத்தில் 3 நாளாவது. நாம் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு ஷூ வாங்கக் கிளம்பிவிட்டோம்.

ஜிம்முக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள்; பஸ்கிக்கு இது தம்பி. சுவரில் கை வைத்துத் தண்டால் எடுங்கள். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், வாஷ்பேசின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாயங்காலம் கீழே குழந்தைகள் பாண்டி ஆடினால் நீங்களும் சேருங்கள். முழங்கால் வலிக்காரர்கள் குதிக்க வேண்டாம். நெஞ்சுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

சரி, தீனிக்கு வருவோம். எங்கள் நடைக் கூட்டாளிகள் முக்கால்வாசிப் பேருக்கு நடை முடிவது டீக்கடையில். அரை மணி நேரம் நடந்து செலவழித்ததை இரண்டு வடை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அதற்குப் பதில் ராத்திரியே தட்டைப்பயறு ஊற வையுங்கள். வேக வைத்துத் தாளித்து இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். பயறில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். சுண்டலோடு டீ குடித்தால் அது சேர்வது குறையும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், கஷ்டம்தான், எனக்கும்.

அப்புறம் கடலை உருண்டை. பாகு வேண்டாம். பாகு வைத்தால் வெல்லம் கூடும், பல் ஆடுகிறவர்கள் கடிக்கவும் முடியாது. கால் கிலோ நிலக்கடலையை அடிகனமான வாணலியில் சிறுதீயில் வறுங்கள். தோல் அங்கங்கே வெடித்து, வாசம் கூடத்துக்கு வரும், அப்போது இறக்குங்கள். ஆறியதும் முறத்தில் தேய்த்துப் புடைத்தால் தோல் பறந்துவிடும். மிக்ஸியை விட்டு விட்டுத் திருப்புங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் கூழாகி அடியில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை நான் அப்படித்தான் செய்து, வீட்டில் திட்டு வாங்கினேன். 100 கிராம் பொடித்த வெல்லமும் ஓர் ஏலக்காயும் போட்டு இன்னொரு சுற்று. கடலையில் கசிகிற எண்ணெயிலேயே உருண்டை பிடிக்க வரும், நெய் தேவையில்லை.

100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. ஆனால் அதில் பாதி எண்ணெய். அதனால் நெல்லிக்காய் அளவில், நாளைக்கு ஒன்றிரண்டு போதும். வெல்லம் சர்க்கரையை ஏற்றாது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள், நன்றாகவே ஏற்றும்.

ஒரு டப்பா நிறையச் செய்து கொண்டுவந்திருக்கிறேன், இதோ மேஜைமேல் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று. வாங்க வருகிறவர்கள் மட்டும், நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து வாருங்கள். முன்வரிசையில் இருக்கிற அண்ணன், கையை எடுங்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.