பழைய கேசட்டில் கேட்கும் கை

(காரைக்குடியில் கிட்டார் பழகும் இளைஞர்கள் கூடிய ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் வந்து சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஒலிப்பதிவுக்கும் நம் ஊருக்கும் உறவு பழையது. இங்கே பிறந்த ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்குப் போகும் முன்பு கிராமபோன் தட்டு வியாபாரம் பார்த்தவர். போர்க்காலத்தில் சென்னையில் தொழில் நடத்த முடியாத நிலை வந்தபோது தேவகோட்டை ரஸ்தாவுக்கு வந்து கொட்டகை போட்டுப் படம் எடுத்தார். வாத்தியத்துக்கும் இதே ஊர்தான். காரைக்குடி சகோதரர்களில் அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார்; தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் மடியில் கிடத்தி வாசித்தார். 1952இல் சங்கீத கலாநிதி ஆனவர் தம்பி. ஒரே வீடு, ஒரே பரம்பரை, ஒன்றாகவே கச்சேரி. ஆனாலும் வீணையைப் பிடித்த விதம் இரண்டு.

பெரியவர்களின் வாசிப்பைத் தட்டிலும் வானொலியிலும் பிறர் பதிந்து வைத்தார்கள். நம்மைப்போல் வீட்டில் வாசிப்பவர்களுக்கு யார் பதிவார்கள்? நாமேதான் பதிந்தோம். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த டூ-இன்-ஒன், அதாவது ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி, இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இருந்தது. எங்கள் வீட்டில் பெரியப்பச்சி மகன், அண்ணன், கொண்டு வந்து கொடுத்ததில் 1980களின் கடைசியில் நான் பதிந்த கேசட்டுகள் அண்மையில் பெட்டகத்திலிருந்து வெளியே வந்தன. அவற்றைக் கேட்டபிறகு ஒரு விஷயத்தில் என் எண்ணமே மாறிவிட்டது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். இளவயதில் வாசித்ததை, இன்றைய வாசிப்பின் முற்றாத காய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. அது வேறொரு பாணி. அதற்கென்று காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்கள் போனதும் பாணியும் போய்விட்டது.

ஒரு கேசட்டை எடுத்துக்கொள்கிறேன். அதில் ஆபேரி ராகம் வாசித்திருக்கிறேன். பின்னணியில் பாத்திரம் நகரும் சத்தம். நடுவில் அப்பத்தா, "ஏன்டா, அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறே?" என்று கேட்பது தெளிவாகப் பதிந்திருக்கிறது. நான் திரும்பத் திரும்ப வாசித்தது காந்தாரத்தை, அதாவது 'க' என்ற சுரத்தை. மூன்றாவது கம்பியை மேலே இழுத்து, அடுத்த சுரமான மத்திமம் வரை கொண்டுபோய், மெதுவாக இறக்குகிறேன். இன்று அதே இடத்தை நான் விரலைச் சறுக்கித்தான் வாசிக்கிறேன். கம்பியை இழுப்பதே இல்லை. எப்போது விட்டேன்?

கேட்டவுடனே இன்னொன்றும் தெரிந்தது. கிட்டாரின் சுருதி வழக்கத்தைவிட இரண்டு அரைச்சுரம், அதாவது கிட்டாரில் இரண்டு கட்டம், கீழே இருக்கிறது. இங்கே கவனம் வேண்டும். பழைய டேப் மெதுவாக ஓடினாலும் சுருதி இறங்கும். எது நடந்தது என்று எப்படிப் பிரிப்பது? கரண்டில் போட்டுப் பதிந்த கேசட் என்றால் வழி உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. அதன் ரீங்காரம் மெல்லிய 'உம்' சத்தமாக டேப்பில் பதிந்திருக்கும். கேசட்டைக் கணினியில் ஏற்றி அந்த ரீங்காரத்தை அளந்தால் போதும். ஓர் அரைச்சுரம் என்பது ஏறக்குறைய 6 சதவீதம், அதாவது 50இல் 3 ஹெர்ட்ஸ். இரண்டு அரைச்சுரம் டேப்பால் இறங்கியிருந்தால் ரீங்காரம் 45க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தக் காலத்து மின்சாரமும் சரியாக 50இல் நின்றதில்லை, கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இந்த அளவு போதும். என் கேசட்டில் ரீங்காரம் 50ஐ ஒட்டியே இருந்தது. ஆகவே டேப் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. கம்பியைத்தான் தளர்த்தி வைத்திருக்கிறேன்.

காரணமும் நினைவுக்கு வந்தது. வீட்டில் இருந்த ஆர்மோனியத்தோடு, பாடுகிறவர்களின் கட்டைக்கு, அதாவது குரல் சுருதிக்கு, ஏற்பச் சேர்த்த சுருதி அது. இரண்டு அரைச்சுரம் இறக்கினால் கம்பியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. சாதாரண கிட்டாரின் மூன்றாவது கம்பி பெரும்பாலும் சுற்றுக்கம்பி, அதாவது மேலே மெல்லிய கம்பி சுற்றிய கம்பி. முழு சுருதியில் அதை ஒரு முழுச்சுரம், அதாவது இரண்டு அரைச்சுரம், இழுப்பது விரலைப் பதம் பார்த்துவிடும். தளர்ந்த கம்பியில் அது எளிது. வீணையில் மெட்டுகள், அதாவது கம்பியை அழுத்தும் குறுக்குக் கட்டைகள், உயரமாக மெழுகில் பதிந்திருப்பதால் கம்பியை வெகுதூரம் இழுக்கலாம். தளர்ந்த கிட்டாரில் அந்த வசதியில் கொஞ்சம் கிடைத்தது. கை அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு மேடையில் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தேன், சுருதி மேலே போனது, கம்பி இறுகியது, விரல் சறுக்கக் கற்றது. கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து இழைக்கும் விதத்தை, பற்றி என் ரசனை மாறியதாக நான் நினைத்திருந்தேன். உண்மையில் மாறியது கம்பியின் இறுக்கம்.

பதிந்த இடமும் பேசுகிறது. வளவை (வீட்டின் நடு முற்றப் பகுதியை) ஒட்டிய பட்டாலையில் (கூடத்தில்) பதிந்தவை நிதானமாக இருக்கின்றன. கண்ணாடிபோல் வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. ஒரு சுரம் அடங்குவதற்கு முன் அடுத்ததை வைத்தால் குழம்பும். அதனால் இடைவெளி விட்டு வாசித்திருக்கிறேன். மாடியில் மெத்தையும் தலையணையும் அடுக்கிய அறையில் பதிந்தவை வேகமானவை. வாசித்தவன் ஒருவன்தான்.

நமக்குள் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது, கற்றுக்கொள்ளும் வழி மாறியதுதான் என்று நினைக்கிறேன். இலங்கை வானொலியில் ஒரு பாட்டு வரும். அந்த ஒரு முறையில் கிடைத்தது கிடைத்ததுதான். சுரம் முழுதும் பிடிபடாது. நடையும் எடுப்பும் மனதில் ஒட்டிக்கொள்ளும். மீதியை நாமே இட்டு நிரப்புவோம். கேசட் வந்தபின் ரீவைண்ட் பண்ணிச் சுரத்தைச் சரிபார்த்தோம். இன்று யூடியூபில் பாதி வேகத்தில் ஓடவிட்டு, எந்த விரல் எந்தக் கட்டத்தில் என்று பார்த்தே கற்கிறீர்கள். உங்கள் சுத்தம் எங்களுக்கு இருந்ததில்லை, அதை மனமாரச் சொல்கிறேன். அதே நேரம், இட்டு நிரப்பிய இடங்களில்தான் ஒருவரின் கை தனியாகத் தெரிந்தது. என் பழைய கேசட்டில் நான் தவறாகப் பிடித்த ஒரு முத்தாய்ப்பு, அதாவது முடிக்கும் சுரக்கோவை, இருக்கிறது. மூலத்தில் அது இல்லவே இல்லை. இப்போது அதைத் திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கேசட் வைத்திருப்பவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள்; அப்புறம் யாரும் தெரியாமல் மேலே பதிய முடியாது. 90 நிமிட கேசட்டின் டேப் 60 நிமிடத்தினதைவிட மெல்லியது, பதமாக ஓட்ட வேண்டும். கணினியில் ஏற்றும்போது இரைச்சலை நீக்காத ஒரு பிரதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ரீங்காரத்தைத் துடைத்துவிட்டால் நான் சொன்ன அளவை எடுக்க முடியாது. அப்பத்தாவின் குரலும் சேர்ந்து மங்கிவிடும்.

இன்று கிட்டாரை மறுபடி இரண்டு அரைச்சுரம் இறக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் பழைய ஆபேரியைப் போடுகிறேன். உடனே அதே சுருதியில் நான் வாசிக்கிறேன். இரண்டிலும் காந்தாரத்தை மட்டும் கவனியுங்கள். பிறகு பேசுவோம்.