கடல் கடந்த உருமால்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் டத்தோ அவர்களே, நேரத்தோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, மார்க்கெட் தெருவில் கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருக்கும் துணி வணிகப் பெருமக்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். மண்டபத்தை வாடகையின்றித் தந்த ஆலய நிர்வாகத்தாருக்கும், எனக்குப் பொன்னாடை போர்த்திய பெரியவருக்கும் நன்றி. அந்தப் பொன்னாடையை மரியாதையோடு மடித்து மேசைமேல் வைத்திருக்கிறேன். ஏனெனில் நான் பேச வந்தது அதைவிட எளிய துணியைப் பற்றி. ஒரு கெஜச் சதுரத்தில், சிவப்புப் பூ அச்சிட்ட பருத்தி உருமால். அதன் சாயம், அதன் பூவேலை, அதன் பெயர் ஆகிய மூன்றையும் சொல்ல எண்ணியிருக்கிறேன்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியபோது அவர் தலையில் இருந்தது அப்படியோர் உருமால். துறைமுகத்தில் அவர் மூட்டை சுமந்த காலமெல்லாம் அதுவே சும்மாடு, அதுவே வியர்வைத் துண்டு. அவர் மறைந்தபின் அப்பத்தா அதைத் தகரப்பெட்டிக்குள் வைத்திருந்தார். தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் வெளியே எடுத்துத் துவைப்பார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் தாயார், புதிதாக வாங்கிய சிவப்புச் சட்டையையும் என் வெள்ளைப் பள்ளிச் சட்டையையும் உருமால் ஊறிக்கொண்டிருந்த வாளியிலேயே ஊறவைத்துவிட்டார். எடுத்துப் பார்த்தால் பள்ளிச் சட்டை செம்பருத்திப்பூப் போல நிற்கிறது. வீடே உருமாலைப் பழித்தது. அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. வேறொரு வாளியில் புதுத் தண்ணீர் பிடித்து, உருமாலை மட்டும் அதில் முக்கி, இரு கைகளாலும் அழுத்திக் கசக்கினார். தண்ணீர் தெளிந்தபடியே இருந்தது. "கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொன்னவங்க, கசக்குனாலும் சாயம் போகாத துணிய வச்சிருந்தவங்கய்யா" என்றார்.

அன்று அதை வெயிலில் விரித்துப் பிடித்தபோது இன்னொன்றையும் கண்டேன். சிவப்பு இதழ்கள் முழுமையாக இருந்தன. இதழைச் சுற்றிய கறுப்புக் கோடுகள் மட்டும் அரித்துப்போய், அவற்றின் வழியே வெளிச்சம் வந்தது. பூச்சி தின்றது என்றே நினைத்தோம். கறுப்புக்கு இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த புளித்த நீரைப் பயன்படுத்துவார்கள் என்பதும், அந்த இரும்பு நாளடைவில் பருத்தி நூலைத் தின்றுவிடும் என்பதும் எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது.

சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்து உலர்த்தி, பூ வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலை எழுதுகோலாலோ மரக்கட்டையாலோ இட்டு, பின்பு சிவப்புச் சாயம் தரும் சாயவேரோடு கொதிக்க வைத்தார்கள். படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு நிலைத்தது. மற்ற இடம் துவைப்பிலும் வெயிலிலும் வெளுத்தது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று வாழ்ந்த மக்களுக்கு ஏற்ற தொழில்நுட்பம் அது. பிரான்சு 1686 முதல் 1759 வரை இந்திய அச்சுத்துணியைத் தடைசெய்திருந்தது. அந்தத் தடை இருந்தபோதே, 1742இல், கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தச் செய்முறையை எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். சாயவேரில் உள்ள சிவப்புப் பொருளை 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் செயற்கையாக உருவாக்கியபின், வேர் தோண்டியவர்களின் பிழைப்பு தேய்ந்தது.

பூவேலையை விரித்துச் சொல்ல நேரமில்லை. மலாய்க்காரர்கள் மூங்கில் குருத்து என்ற பொருளில் புச்சோக் ரெபுங் என்று அழைக்கும் முக்கோண வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் சேலையின் கோபுரக் கரை நினைவுக்கு வருகிறது என்பதோடு நிறுத்துகிறேன். பெயருக்கு வருகிறேன். அண்டை வீட்டு மலாய்ப் பெரியவர் உடுத்தும் காயின் பெலிக்காட் என்னும் கைலி, அச்சுத்துணியன்று, கட்டம் போட்டு நெய்தது. ஆனால் பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள நம் பழவேற்காடு. இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்காகத்தான் ஈராண்டுகளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். நம் பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரம் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சூலியா தெருவையும் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் உலகமே வந்து பார்க்கிறது. அக்காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களின் சரக்கில் துணிக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தத் துணிக்கென்று தமிழிலும் மலாயிலும் பெயர் எழுதிய ஓர் அறை இந்நகரில் வேண்டும். டத்தோ அவர்கள் மனம் வைத்தால் பழைய கடைவீடு ஒன்றின் மேல்மாடியே போதும். தலைமையாசிரியர்கள் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அனுப்பினால், படிகாரமும் கடுக்காயும் வைத்துச் சாயமிடும் முறையைக் காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தாத்தாவின் உருமால் இன்று இல்லை. அப்பத்தா போனபின் வீடு மாறினோம். யாரோ மோட்டார் சைக்கிள் துடைக்க எடுத்துவிட்டார்கள். எனக்கு அது ஆறாத வலி. உங்கள் தகரப்பெட்டிகளில் அப்படி ஒன்று இருந்தால் எங்களிடம் காட்டுங்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதை இந்த ஒரு துணிக்கு மட்டும் விட்டுவிடுங்கள். துவைக்காமல், தேய்ப்புப்பெட்டி போடாமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். யார் கட்டியது, எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில் வந்தது என்று தெரிந்த அளவுக்கு ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.