மிச்ச நூலுக்கு ஒரு தறி

(புதுச்சேரியில் கைத்தறி நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் கூட்டுறவுச் சங்கப் பெரியவர்களே, வகுப்புகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் கைத்தறித் துண்டு போர்த்திய விழாக் குழுவுக்குத் தனி வணக்கம்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். பெட்டியில் கிடக்கும் மிச்ச நூலை எடுத்து, டிசைன் போடாமல், கை போன போக்கில் நெய்வதைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: அதன் அழகு, அது தரும் மன நிம்மதி, அதற்கு நம் ஊரில் ஓர் இடம்.

ஜப்பானில் மிசாவோ ஜோ என்ற அம்மையார் 57 வயதில் நெய்யத் தொடங்கினார். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூலில், ஓர் இழை விட்டுப்போனது. பார்த்தவர் குறை என்றார், அம்மையாருக்கு அதுவே பிடித்தது. கை போன போக்கில் நெய்யும் 'சாவோரி' நெசவு அப்படிப் பிறந்தது.

இந்த நெசவுக்கான எங்கள் பயிற்சிக்கு ஒரு பெரியவர் வந்தார். காலமெல்லாம் கைலி நெய்தவர். "கட்டம் எங்க தம்பி ஆரம்பிக்குது?" என்றார். "கட்டமே இல்லை ஐயா" என்றேன். "கட்டம் இல்லாம என்னத்த நெய்யறது?" என்று, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கீழே வைத்துவிட்டார். கூட வந்த பேத்தி கத்தரிப்பூ நிறக் கம்பளி நூலை நீட்டினாள். தார்க் குழலில் சுற்றினால் நாடாவுக்குள் அடங்கவில்லை. மிதியை அழுத்தி, பாவு திறந்த இடத்தில் கையாலேயே நுழைத்தார். அப்புறம் சிவப்புப் பருத்தி, அப்புறம் பழைய கைலியில் கிழித்த ஒரு துணிப்பட்டை. டீ வந்தது, ஆறியது, அவர் நிமிரவில்லை. ஒரு முழம் ஆனதும் கேட்டேன், "எப்படி ஐயா?" "நிறம் எப்படி வேணா போகட்டும் தம்பி. கரை மட்டும் நேரா நிக்கணும்!" அந்தக் கரையை நீங்கள் பார்க்க வேண்டும், ஸ்கேல் வைத்தது போல!

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: பாவுக்கு மட்டும் ஒரே மாதிரி உறுதியான பருத்தி நூல் போடுங்கள். நீளும் நூலும் நீளாத நூலும் பாவில் கலந்தால் ஒன்று தொய்யும், ஒன்று அறும். குறுக்கே போகும் ஊடை நூலில் உங்கள் இஷ்டம். கம்பளி துவைத்தால் சுருங்கும், துணி அங்கங்கே கொசுவும். கொசுவட்டும், நூலைப் போலத்தானே சேலை!

நேரம் குறைவு, மூன்றாவதுக்கு வருகிறேன். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் குண்டடிபட்டு உயிர் கொடுத்து, எட்டு மணி நேர வேலை வாங்கித் தந்த ஊர் இது. வேலை போக மிச்ச நேரம் அவர்கள் தந்தது. மிச்ச நூல் நம் வீட்டிலேயே இருக்கிறது. உட்காரத் தறிதான் இல்லை! 1898-ல் ரோடியர் மில்லாகத் தொடங்கி 2020-ல் மூடிய ஏ.எப்.டி. என்ற ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆலை வளாகத்தில், அரசு ஒரே ஒரு கூடத்தைத் திறந்துவிடட்டும். பத்துத் தறி போதும். சொல்லித் தர நெசவாளர்கள், அவர்களுக்கு மாதச் சம்பளம். பள்ளிப் பிள்ளை முதல் பாட்டி வரை யாரும் நூலோடு வரலாம். நூலைப் போல சேலை என்று சொன்னால் போதாது, நெய்ய இடம் வேண்டும்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.