ஆறாவது தடவை

நேயர்களுக்கு வணக்கம். ஆத்தங்குடிக் கல் செய்வதை நம்மில் பலர் பார்த்திருப்போம். கண்ணாடியின் மேல் கம்பி அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சு ஒன்றுதான், நிறம்தான் மாறும்.

டேட்டாபேஸில் 'பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட்' என்பதும் ஓர் அச்சு. டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரு கேள்வி வந்தால் அதன் எஞ்சின் இலக்கணம் பார்க்கும், கேட்ட டேபிள், அதாவது தகவல் அட்டவணை, உண்டா என்று பார்க்கும், எப்படித் தேடினால் செலவு குறைவு என்று திட்டம் போடும். அப்புறம்தான் தேடும். ஒரே கேள்வியை ஆயிரம் தடவை கேட்டால் ஆயிரம் தடவையும் இதே பாடு. அதனால், 'இந்த ஊர் ஆர்டர்களைக் காட்டு' என்பது கேள்வி என்றால், ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு அதை முன்னதாகவே தயார் செய்துவைக்கிறோம். யாராவது விஷமமாக, ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் டேபிளை அழிக்கும் கட்டளையை எழுதி அனுப்பினாலும், அப்படி ஓர் ஊர் இருக்கிறதா என்றுதான் எஞ்சின் தேடும். சாயம் கம்பியை வளைக்காது.

இதுவரை சுகம். சிக்கல் திட்டத்தில் இருக்கிறது.

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு ஆர்டர் கணக்கு எழுதிக் கொடுத்தேன், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில். பாதிக்கு மேல் காரைக்குடி ஆர்டர். மிச்சம் பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று முப்பது ஊருக்குச் சிதறிக் கிடந்தது. கானாடுகாத்தானைத் தேட இண்டெக்ஸ் நல்லது; புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி, எது எங்கே என்று அது காட்டும். காரைக்குடிக்கு டேபிளை முழுக்கப் படித்துவிடுவதே வேகம். பாதிக்கு மேல் எடுக்கப்போகிறோம், இண்டெக்ஸைப் புரட்டி ஒவ்வொன்றாக எடுப்பானேன்?

கடைக்கார ஆச்சி பக்கத்தில் இருக்க, காரைக்குடி என்று தட்டிக் காட்டினேன். ஐந்து தடவை சட்டென்று வந்தது. ஆறாவது தடவை இழுத்தது. "என்னப்பா, மிஷினுக்குக் களைப்பா?" என்றார் ஆச்சி. வெளியே வந்து மறுபடி இணைத்தால் ஐந்து தடவை சரி, ஆறாவதில் அதே இழுவை. காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று.

போஸ்ட்கிரெஸ் முதல் ஐந்து முறை, கொடுத்த ஊரைப் பார்த்தே திட்டம் போடும். பிறகு ஊரைப் பார்க்காமல் ஒரு பொதுத் திட்டம் போட்டு, அதன் செலவை முந்தையவற்றின் சராசரியோடு ஒப்பிடும். குறைவாக இருந்தால் பொதுத் திட்டத்தையே வைத்துக்கொள்ளும். எந்த ஊர் என்று பொதுத் திட்டத்துக்குத் தெரியாதே! மொத்தத்தைக் காரைக்குடியோடு சேர்த்து முப்பத்தோரு ஊருக்குச் சமமாகப் பங்கு போட்டு, 'ஓர் ஊருக்கு இவ்வளவுதான்' என்று கணக்குப் பார்த்து இண்டெக்ஸைப் பிடித்துக்கொண்டது. காகிதத்தில் மலிவு. நான் காரைக்குடியையே ஐந்து தடவை கொடுத்ததுதான் வினை. கானாடுகாத்தானைக் கொடுத்திருந்தால் சராசரி குறைந்திருக்கும், பொதுத் திட்டம் எடுபட்டிருக்காது.

இந்தப் பொதுத் திட்டத்தை வேண்டாம் என்று சொல்ல 12ஆம் பதிப்பிலிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டேன். திட்டம் போடும் செலவு ஒவ்வொரு தடவையும் உண்டு. கேள்வி சின்னதுதானே, கடைக்கு அது தெரியாது. ஆச்சியிடம் மறுபடி தட்டிக் காட்டினேன். ஆறோடு நிறுத்தவில்லை அவர். பத்து வரை விரல்விட்டு எண்ணினார்.