லண்டன் வீட்டுக் குலுக்கல்: காசு போடலாமா?

[திரையில்: ஒரு வாட்ஸ்அப் செய்தி]

"2 பவுணுக்கு ஒரு வீடு!" லண்டனில் உறவினர் இருக்கிற கிளிநொச்சிக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு செய்தி வருவது புதினமில்லை.

முதலில் கணக்கு. 2017இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் மெல்லிங் மேனர் என்ற வீட்டை, விற்க முடியாமல் குலுக்கலுக்கு விட்டார் வீட்டுக்காரர். ரிக்கற் 2 பவுண். ஏறக்குறைய 5 லட்சம் ரிக்கற் போனது. வீட்டின் பெறுமதி 845,000 பவுண். அப்படியென்றால் ஒரு ரிக்கற்றுக்குப் பின்னால் கிட்டத்தட்ட 1 பவுண் 70 பென்ஸ் வீடு இருந்தது. சுவீப் எடுப்பதைவிட இது நல்ல கணக்குத்தான். ஆனால் வீட்டைத் துண்டு போட்டுத் தரமாட்டார்களே! ஒருவருக்கு வீடு, மற்ற எல்லாருக்கும் வெறுங்கை.

[திரையில்: நிபந்தனைப் பக்கம், பொடி எழுத்து]

சரி, நேர்மையானதா? சிக்கல் குலுக்குவதில் இல்லை, இந்தப் பொடி எழுத்தில்தான். "போதிய ரிக்கற் விற்காவிட்டால் வீட்டுக்குப் பதில் காசு" என்று பல குலுக்கல்களில் ஒரு வரி இருக்கும். 40,000 ரிக்கற்தான் போனது என்று வையுங்கள். வசூல் 80,000 பவுண். அதில் விளம்பரம், சட்டத்தரணி என்று செலவைக் கழித்து, மிச்சம்தான் பரிசு. வீட்டுக்காரர் அதே வீட்டில் இருப்பார்! முடிவுத் திகதியைத் தள்ளிப்போடவும் அதே பக்கத்தில் இடம் வைத்திருப்பார்கள்.

பிரிட்டனின் 2005 சூதாட்டச் சட்டப்படி தனியார் சொந்த லாபத்துக்கு லொத்தர் நடத்த முடியாது. அதனால்தான், லொத்தர் கணக்கில் வராமல் இருக்க, ஒரு திறமைக் கேள்வி, இல்லையென்றால் தபாலில் இலவசமாகச் சேரும் வழி வைக்கிறார்கள். தபாலில் போனாலும் வாய்ப்பு ஒன்றுதான். லண்டனில் இருக்கிற மருமகனுக்கு ஆசையென்றால் முத்திரைச் செலவோடு முடிக்கட்டும்.

இங்கிருந்து நாங்கள் சேரலாமா? பல குலுக்கல்கள் பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு மட்டும். "என்ர காசில் ஒன்று போடு தம்பி" என்று அனுப்பினால் ரிக்கற் தம்பியின் பேரில். விழுந்தால் வரும் சண்டையை நினைத்துப் பாருங்கள்.

"நீங்கள் வென்றுவிட்டீர்கள், வரி கட்டக் காசு அனுப்புங்கள்" என்று வந்தால் அது சுத்தக் கள்ளம். பிரிட்டனில் குலுக்கல் பரிசுக்கு வருமான வரியே இல்லை.

[திரையில்: காணி அனுமதிப்பத்திரம்]

நம்ம ஊரில் யாராவது இப்படித் தொடங்கினால், காணிப் பத்திரத்தைக் கேளுங்கள். வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகள் பல இன்னும் அனுமதிப்பத்திரக் காணிகள். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல், வென்றவர் பேருக்கு அதை மாற்ற முடியாது.