முதலில் பெயர், பிறகுதான் கத்தி

அவைக்கு வணக்கம். "உணவுக்குழாயில் கட்டி" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்தால் போதும், புற்றுநோய் என்று வீடே முடிவு கட்டிவிடும். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உணவுக்குழாயில் வரும் புற்றுநோய்களில் 90 சதவீதத்துக்கு மேல் இரண்டே வகை. ஒன்று உட்பூச்சின் தட்டைச் செல்களில் தொடங்குவது, இன்னொன்று சுரப்பிச் செல்களில் தொடங்குவது. அவற்றைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இன்று நான் பேசப்போவது மற்றவற்றைப் பற்றி. அவற்றில் சும்மா விட்டுவைக்கக்கூடிய கட்டி உண்டு, மாத்திரைக்குச் சுருங்கும் கட்டி உண்டு, அறுவைசிகிச்சையால் பெரிய பலன் இல்லாத கட்டியும் உண்டு. எது எது என்று தெரியாமல் சிகிச்சையைத் தொடங்குவதுதான் ஆபத்து.

உணவுக்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். உள்ளே சளிச்சவ்வு, அதற்கு அடியில் ஒரு மெல்லிய அடுக்கு, அப்புறம் தசை. வழக்கமான புற்றுநோய் சவ்வில் முளைக்கிறது. எண்டோஸ்கோப்பியில் புண்ணாகவோ காலிஃபிளவர் போலவோ கண்ணுக்குத் தெரிந்துவிடும், கிள்ளி எடுத்தால் விடையும் கிடைத்துவிடும். அரிய கட்டிகளில் பல அடியில் உள்ள அடுக்குகளில் வளர்பவை. மேலே சவ்வு வழுவழுவென்று அப்படியே இருக்கும், ஒரு மேடு மட்டும் தெரியும். பாய்க்கு அடியில் கிடக்கும் கோலிக்குண்டு என்ன நிறம் என்று பாயின் கோரையைப் பிய்த்துப் பார்த்துச் சொல்ல முடியுமா? சாதாரண பயாப்சி இங்கே செய்வது அதைத்தான். "சதை இயல்பாக உள்ளது" என்று ரிப்போர்ட் வரும். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவது ஒரு பிழை. திரும்பத் திரும்ப ஆழமாகக் கிள்ளுவது அதைவிடப் பெரிய பிழை. கிள்ளிய இடத்தில் தழும்பு விழுந்து சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் கட்டியை உரித்தெடுக்க வேண்டி வந்தால் அந்த இடத்தில்தான் சவ்வு கிழியும்.

இந்த இடத்தில் கைகொடுப்பது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் கருவி இருப்பதால் சுவரின் அடுக்குகள் தனித்தனியாகத் தெரிகின்றன. கட்டி எந்த அடுக்கில் பிறந்தது என்று தெரிந்துவிட்டால் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். தேவைப்பட்டால் அதே கருவி வழியாக ஊசியைக் கட்டிக்குள் செலுத்தித் திசுவை எடுக்கலாம்.

தசை அடுக்கில் வருவதில் முக்கியமானவை இரண்டு: லியோமயோமா, ஜிஸ்ட். முதலாவது சாதுவான, அதாவது புற்றல்லாத தசைக்கட்டி. உணவுக்குழாயில் வரும் சாதுக் கட்டிகளில் அதுவே அதிகம். இரண்டாவது செரிமானப் பாதையின் சுவரில் வரும் ஒரு தனி ரகக் கட்டி (ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் ஜிஸ்ட்), புற்றாக மாறக்கூடியது. இரைப்பையில் ஜிஸ்ட் அதிகம், லியோமயோமா குறைவு. உணவுக்குழாயில் இது தலைகீழ். ஸ்கேனில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்களைக் காட்டும் பெட் ஸ்கேனில் பளிச்சென்று எரிந்தால் புற்றுதான் என்று சொல்லிவிட முடியாது, சாதுவான லியோமயோமாவும் சில சமயம் அப்படி எரியும்.

ஒரு காலத்தில் ஜிஸ்ட்டையும் தசைக்கட்டி என்றே எழுதிவந்தார்கள். 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜிஸ்ட்டில் 'கிட்' என்ற மரபணு பழுதுபட்டிருப்பதைக் காட்டிய பிறகுதான் பாதை தெளிவானது. இன்று நோய்க்குறியியல் நிபுணர் திசுவுக்குச் சாயமேற்றிப் பார்க்கிறார். கிட் புரதமும் டாக்-1 புரதமும் தெரிந்தால் ஜிஸ்ட். அவை இல்லாமல் டெஸ்மின் என்ற தசைப் புரதம் தெரிந்தால் லியோமயோமா. இந்தச் சாயத்தைப் பொறுத்து சிகிச்சையே மாறுகிறது. தொந்தரவு தராத சிறிய லியோமயோமாவைக் கண்காணித்தால் போதும். விழுங்கச் சிரமம் தந்தால் மார்புத் துளை வழியாகவோ, எண்டோஸ்கோப்பி மூலம் சவ்வுக்கு அடியில் சுரங்கம் அமைத்தோ கட்டியை மட்டும் உரித்தெடுக்கலாம், உணவுக்குழாய் தப்பிக்கும். ஜிஸ்ட்டில் அப்படித் துணிய முடியாது. உறை உடைந்தால் செல்கள் சிதறிவிடும். பெரியதாக இருந்தால் முதலில் இமாட்டினிப் மாத்திரை கொடுத்துச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுவைசிகிச்சை. ஜிஸ்ட்டுக்கு இந்த மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2002இல்.

சரி, மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மால் செல் புற்று, நுரையீரலில் வரும் அதே முரட்டு ரகம். கண்டுபிடிப்பதற்குள் பல நேரம் பரவியிருக்கும், எனவே கீமோதெரபிதான் முதன்மை. நிணநீர்ச் செல்களின் புற்றான லிம்போமாவுக்கும் பெரும்பாலும் மருந்துதான், கத்தி இல்லை. நிறமிச் செல்களின் புற்றான மெலனோமா கறுப்பாகத்தான் இருக்கும் என்றில்லை, நிறமே இல்லாமலும் வரும், அப்போது வேறு புற்று என்று ஏமாற்றிவிடும். அது உணவுக்குழாயிலேயே பிறந்ததா, தோலிலிருந்தோ கண்ணிலிருந்தோ வந்ததா என்று தேடியாக வேண்டும்.

என்னை வியக்கவைப்பது குழாயின் மேல்பகுதியிலிருந்து காம்போடு தொங்கும் ராட்சத பாலிப், அதாவது சதைத் தொங்கல். இருமும்போது வாய்க்கே வந்துவிடும், மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கும் உலை வைக்கும். மேலே இயல்பான சவ்வு மூடியிருப்பதால் இத்தனை பெரிய பொருள் எண்டோஸ்கோப்பியிலேயே தப்பிவிடுவதுண்டு! இதைச் சாது என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மரபணுப் பரிசோதனை செய்தபோது இவற்றில் பல உண்மையில் கொழுப்புத் திசுவின் புற்று என்று தெரியவந்தது. எடுத்த பிறகும் திரும்ப வரக்கூடியது என்பதால் கண்காணிப்பு தேவை.

இத்தகைய கட்டிகளை ஒரு நிபுணர் தன் பணிக்காலத்தில் சில முறையே பார்த்திருப்பார். ஆகவே இரண்டாவது கருத்து கேட்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. திசுவை மெழுகில் பதித்த கட்டைகளைப் பரிசோதனைக்கூடத்தில் பாதுகாத்து வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கலாம். புதிதாகக் கிள்ள வேண்டியதில்லை, அந்தக் கட்டையிலிருந்தே இன்னொரு நிபுணர் புதுச் சாயங்கள் ஏற்றிப் பார்ப்பார். அவசர அடைப்போ ரத்தக் கசிவோ இல்லாதவரை அதற்காகச் சில நாள் காத்திருப்பதில் தவறில்லை.