“ஆம்பளப் புள்ளதானே, அவனுக்கு என்னா?”: ஆண் பாலியல் தொழில் பற்றி மலையகத்தில் நாம் நம்பும் கதைகள்

(திரையில்: வாட்ஸ்அப் விளம்பரம் ஒன்று. தொலைபேசி எண் மறைக்கப்பட்டிருக்கிறது.)

“20 முதல் 35 வயது ஆண்கள் தேவை. வசதியான பெண்களுக்குத் துணையாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 25,000 ரூபாய். கண்டி, நுவரெலியா, எல்ல. இரகசியம் காக்கப்படும்.”

இந்த மாதிரி விளம்பரம் உங்கள் ஃபோனுக்கும் வந்திருக்கும். சிரித்துவிட்டு நண்பனுக்கு அனுப்பியிருப்பீர்கள். சிரிக்காமல், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த எண்ணுக்கு ‘ஹாய்’ போட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாய் ஆனது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வந்தது. அந்தக் கணக்கில் பத்தொன்பது நாள் வேலை செய்து பேர் விழுந்தால்தான் கிடைக்கும் காசை, ஒரே நாளில் தருகிறேன் என்கிறான்.

‘ஹாய்’ போட்டதும் என்ன நடக்கும்? பதில் உடனே வரும். பேசுகிறவர் “தம்பி” என்றுதான் ஆரம்பிப்பார், மரியாதை குறையாது. முதலில் பதிவுக் கட்டணம், மூவாயிரமோ ஐயாயிரமோ. கட்டியதும் ஒரு பெண்ணின் படம் வரும், ஒரு ஹோட்டல் பெயரும் வரும். அடுத்தது மெடிக்கல் சேர்ட்டிபிக்கட்டுக்கு ஒரு தொகை. அப்புறம் ஹோட்டலுக்கு முற்பணம், “மேடம் வந்ததும் கையில தந்திருவாங்க.” இதற்கிடையில் அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் வாங்கியிருப்பார்கள். “மேடம் பாக்கணும்” என்று சட்டையில்லாத படம், அதற்கும் மேலே போய் இன்னொரு படம். பையனிடம் காசு தீர்ந்த அன்று மேடம் காணாமல் போவார். இரண்டு நாள் கழித்து வேறொரு எண்ணிலிருந்து மெசேஜ் வரும்: “இந்தப் படத்தை உங்க அப்பாவுக்கு அனுப்பவா, தோட்டத்து குரூப்ல போடவா?”

மேடம் என்று ஒருவர் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. ஆண் பாலியல் தொழில் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம் மண்டைக்குள் ஒரு கற்பனை இருக்கிறதே, அதைத்தான் அவன் நமக்கே விற்கிறான். பணக்காரப் பெண், பெரிய ஹோட்டல், அள்ளிக்கொடுக்கும் காசு, சுகமான வேலை. இந்தக் கற்பனையில் எது உண்மை, எது பொய் என்று பார்ப்பதுதான் இந்த வீடியோ.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது 18 வயது நிரம்பிய ஆண்களைப் பற்றி மட்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளையிடம் காசு கொடுத்து நடப்பது தொழில் கிடையாது, சிறுவர் பாலியல் சுரண்டல். பிள்ளை சம்மதித்தான், காசு வாங்கினான் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அப்படி ஒன்று தெரியவந்தால் 1929க்கு அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் அது.

(திரையில்: கடற்கரை. பிறகு பனி மூடிய தேயிலை மலை.)

“அதெல்லாம் கடற்கரைப் பக்கத்துச் சமாச்சாரம்.” நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் கேட்பது இதைத்தான். ஹிக்கடுவை, நீர்கொழும்பு, வெள்ளைக்காரன், ‘பீச் போய்’ என்கிற கடற்கரைப் பையன். அரசாங்கத்தின் எயிட்ஸ் தடுப்புத் திட்டங்களில்கூட ‘பீச் போய்’ என்று தனியாக ஒரு பிரிவே வைத்திருந்தார்கள், அதனால் அந்தப் பிம்பம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் இன்றைக்கு ஆள் தேடுவது ஃபோனில். ஏப்ரல் சீசனுக்கு நிரம்பி வழியும் நுவரெலியாவிலும், வருடம் முழுக்கப் பயணிகள் வந்துபோகும் எல்லவிலும் ஃபோன் இருக்கிறது, அறை இருக்கிறது, காசு தேவைப்படும் ஆளும் இருக்கிறார். மலையகத்துப் பையன்கள் மலையகத்திலேயே இருப்பதுமில்லை. கொழும்பில் கடைவேலை, ஹோட்டல் வேலை, செக்கியூரிட்டி வேலை என்று பாதிப்பேர் கீழே இறங்கிவிட்டார்கள். அங்கே தனியாக, தெரிந்த முகம் இல்லாமல், சம்பளம் இழுபடும்போது இந்த வழிக்கு வருகிறவர்கள் உண்டு. பலருக்கு இது முழுநேரத் தொழிலும் இல்லை. வாடகை கட்ட வேண்டிய மாதம், வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்று காசு கேட்ட மாதம், அவ்வளவுதான்.

சரி, காசு கொடுப்பது யார்? விளம்பரத்தில் வரும் மேடமா? பெண்களும் உண்டு. ஆனால் உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது, ஆண் பாலியல் தொழிலாளியிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதுதான். அவர்களில் கல்யாணமாகி, பிள்ளைகுட்டியோடு, ஊரில் மதிப்போடு இருப்பவர்கள் நிறைய. இந்த இடத்தில் நமக்கு ஒரு வசதி: வெட்கத்தை முழுக்க அந்தப் பையன் தலையில் கட்டிவிடுவோம், காசு கொடுத்தவர் பெயர் பேச்சிலேயே வராது.

அடுத்த கேள்வி உடனே வரும்: “அப்போ அவன் அந்த மாதிரியா?” சிலர் ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள். சிலர் இல்லை. பெண்களையே விரும்புகிற, மனைவியோடு வாழ்கிற ஆண்களும் காசுக்காக ஆண்களிடம் போகிறார்கள். ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதை வைத்து அவர் யாரை விரும்புகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. திருநங்கைகளையும் இதே கூடையில் போடுவது இன்னொரு தவறு. அவர்கள் ஆண்களே அல்ல. பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறும் வழியை 2016இல் சுகாதார அமைச்சே ஏற்படுத்திக் கொடுத்தது.

“எப்படியோ, சந்தோஷமும் கிடைக்குது காசும் கிடைக்குது, ஆம்பளைக்கு வேற என்ன வேணும்?” டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் குறைவு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிடிக்காத ஒருவர், குடித்திருக்கிறார், குளிக்கவில்லை, பேசிய காசைவிடக் குறைத்துத் தருவேன் என்கிறார். அந்த நேரத்திலும் உடம்பு ஒத்துழைத்தாக வேண்டும். அதற்காக டொக்டரிடம் கேட்காமல் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் வயாகரா என்று நாம் சொல்லும் சில்டெனாஃபில் மாத்திரையைப் போட்டால் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரை போடாமலே உடம்பு எழுந்துகொண்டாலும், மனம் சம்மதித்தது என்று அர்த்தமில்லை. உடம்பின் அனிச்சை வேறு, சம்மதம் வேறு.

இதில் சட்டமும் நம்மைப் போலவே யோசிக்கிறது. நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, பாலியல் வல்லுறவு என்பதை ஆண் பெண்ணுக்குச் செய்யும் குற்றமாகத்தான் எழுதியிருக்கிறது. ஆணுக்கு அது நடந்தால் 365பி என்ற வேறு பிரிவு, கடுமையான பாலியல் துஷ்பிரயோகம் என்று. அந்தப் பிரிவே 1995இல்தான் சேர்க்கப்பட்டது.

(திரையில்: லயம். வரிசையாகக் கதவுகள்.)

“ஆம்பளப் புள்ளதானே, அவனுக்கு என்னா?” என்னைக் கேட்டால், மற்ற எல்லாக் கதைக்கும் அடியில் கிடப்பது இந்த ஒரு வரிதான். பெண் பிள்ளை கொழும்பில் வேலைக்குப் போய், தீபாவளிக்குப் புது ஃபோனோடு வந்தால் லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அது பெரிய அநியாயம், அதற்கு ஒரு வீடியோ தனியாகப் போட வேண்டும். அதே தீபாவளிக்குப் பையன் பைக்கில் வந்து இறங்கினால், “கெட்டிக்காரன், பொழச்சுக்கிட்டான்.” எங்கே வேலை, யாரிடம் வேலை, ராத்திரி எங்கே படுக்கிறான், யாரும் கேட்பதில்லை. காசு வந்த வழியைக் கேட்காத வீட்டில், காசு வராமல் அடி வாங்கிய நாளில் அவன் எதைச் சொல்லி ஆரம்பிப்பான்? இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கிற லயத்தில், அம்மாவிடம் மட்டும் சொல்வதற்கு ஓர் இடம்கூடக் கிடையாது.

இதை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவன் மிரட்டுகிறவன். அவனுக்கு வேறு முதலீடே தேவையில்லை.

மிரட்டலுக்குச் சட்டமும் கைகொடுக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 18 வயது வந்த ஒருவர் தனிமையில் காசுக்குப் பாலுறவு கொள்வதையே குற்றம் என்று சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை. இது பலருக்குத் தெரியாது. ஆனால் அதைச் சுற்றியிருக்கிற எல்லாமே குற்றம். அலைந்து திரிவோர் பற்றிய 1841ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி பொது இடத்தில் ஆள் அழைப்பது குற்றம். விபச்சார விடுதி நடத்துவது 1889ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருகிறது. வாடிக்கையாளர் ஆணாக இருந்தால் இன்னும் சிக்கல், 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவை வந்துவிடும். ‘இயற்கைக்கு மாறான உறவு’ என்று சொல்லும் 365ஆம் பிரிவில் பத்து வருடம் வரை சிறை. ‘மிக அநாகரிகமான செயல்’ என்று சொல்லும் 365ஏ பிரிவில் இரண்டு வருடம் வரை, நான்கு சுவருக்குள் நடந்தாலும். 2016இல் ஒரு வழக்கில், வயது வந்த இருவரின் சம்மதத்தோடு நடந்ததற்குச் சிறை தேவையில்லை என்று உயர் நீதிமன்றம் தண்டனையை ஒத்திவைத்தது. இந்தப் பிரிவுகளை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் அதே நீதிமன்றம் சொன்னது. 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அந்தச் சட்டமூலமும் அதோடு போனது.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? பேசிய காசைத் தராமல் ஒருவன் அடித்து ஃபோனையும் பிடுங்கிக்கொண்டு போகிறான். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனால் “நீ அங்கே எதுக்குப் போனாய்?” என்றுதான் கேள்வி ஆரம்பிக்கும். உண்மையைச் சொன்னால் தன் மேலேயே வழக்கு வரலாம். அதனால் போவதில்லை. அடித்தவனுக்கும் அது தெரியும். அடுத்த வாரம் இன்னொருவனை அடிக்கிறான்.

விளம்பரத்தில் மாட்டிய பையனின் நிலைமை அப்படியல்ல, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படத்தை வைத்து மிரட்டிக் காசு பறிப்பது கப்பம். கப்பம் கேட்பது குற்றம், கேட்கப்பட்டவர் மேல் குற்றமில்லை. ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். ஒரு தடவை அனுப்பினால் அடுத்த தடவை கேட்கிற தொகை கூடும். மெசேஜை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷொட், அந்த எண், காசு போட்ட பேங்க் ஸ்லிப், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பிறகு பிளொக் செய்யுங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று தோன்றினால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். ஊருக்குள் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

(திரையில்: ஆஸ்பத்திரி நடைபாதை.)

கடைசியாக நோய். “அவனுங்க எல்லாருக்கும் எயிட்ஸ்.” எச்.ஐ.வி தொற்றிய முதல் இலங்கையர் 1987இல் கண்டறியப்பட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் வயது வந்தோரில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருக்கிறது. தொற்று வருவது தொழிலால் அல்ல, பாதுகாப்பில்லாத உறவால். ஆணுறை இருந்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஆணுறையைப் பையில் வைத்திருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை, அப்படியிருந்தும் பொலிஸ் பார்த்துவிடும் என்று எறிந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நுவரெலியா, கண்டி, பதுளை ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய்களுக்கான எஸ்.டி.டி கிளினிக் இருக்கிறது. அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப்பேர் போவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டொக்டர் துண்டு எழுதித் தர வேண்டியதில்லை, நேரே போகலாம். காசு இல்லை. உங்களுக்கு ஓர் எண் கொடுப்பார்கள், அந்த எண்தான் உங்கள் பெயர். எத்தனை பேரோடு, ஆணா பெண்ணா, ஆணுறை பாவித்தீர்களா என்று கேட்பார்கள். எங்கே, எதைப் பரிசோதிப்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான். கையில் இரத்தம் எடுப்பார்கள், எச்.ஐ.வியோடு சிஃபிலிசும் அதிலேயே தெரிந்துவிடும். ஆபத்தான உறவு நடந்து மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. நேற்றோ முந்தாநாளோதான் நடந்தது என்றால் காத்திருக்க வேண்டாம். தொற்றாமல் தடுக்கும் மருந்து உண்டு, 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது.

தொற்று இருந்தால் மருந்து இலவசம். ஒழுங்காகப் போட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தால் உடலுறவின் மூலம் இன்னொருவருக்குத் தொற்றாது. தெரிந்த நர்ஸ் இருப்பார் என்று ஹட்டன்காரர் நுவரெலியாவுக்குப் போகத் தயங்கினால் கண்டிக்கு பஸ் ஏறலாம், உங்கள் மாவட்டம் எது என்று பார்த்துத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். குறை ஒன்று உண்டு: தமிழில் பேச எல்லா நாளும் ஆள் இருப்பார் என்று நினைத்துப் போகாதீர்கள். சிங்களம் தெரிந்த, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த ஒரு நண்பன் கூட வந்தால் நல்லது.

கீழே கமெண்ட் எழுதுகிறவர்களுக்கு: உங்கள் பெயர், தோட்டத்தின் பெயர் போடாதீர்கள், வேறு கணக்கிலிருந்து எழுதினாலும் பரவாயில்லை. “எங்க டிவிஷன்ல ஒருத்தன் இருக்கான்” என்று ஆரம்பிக்கும் கமெண்ட் எதுவாக இருந்தாலும் பார்த்த உடனே அழித்துவிடுவேன். அந்த விளம்பரம் மறுபடி உங்கள் குரூப்பில் வந்தால், கீழே இந்த வீடியோவின் லிங்கைப் போட்டுவிடுங்கள்.